சொம்புச் சத்தமும் என் வீட்டுக்காரரின் மூளையும்

என் வீட்டுக்காரருடைய மூளை விசேஷமானதாம். நான் சொல்லவில்லை, படித்தவர்கள் சொன்னார்கள். தியானம் செய்கிறவர்களின் மூளையை ஆராய்ச்சி செய்கிற ஒரு இடம் பெங்களூரில் இருக்கிறது. அங்கே அவர் தலையில் ஒயர் தொப்பி ஒன்றை மாட்டி உட்கார வைத்துப் பார்த்துவிட்டு, இப்படி ஒரு அமைதி அபூர்வம் என்றார்கள். அதே தொப்பியை என் தலையிலும் மாட்டினார்கள். ஆனால் எனக்கு அங்கே 'கன்ட்ரோல்' என்று பெயர். அதாவது, தியானம் கியானம் எதுவும் தெரியாத சாதாரணப் பிறவி. ஒப்பிட்டுப் பார்க்க அப்படி ஒரு ஆள் வேண்டுமாம். ஒரே வீடு, ஒரே சாப்பாடு, ஏறக்குறைய ஒரே வயசு, அதனால் பெண்டாட்டியே தோதான ஆள் என்று என்னைப் பிடித்துப் போட்டார்கள்.

நன்றாகத்தான் ஒப்பிட்டார்கள். அந்த வயிற்றெரிச்சலைத்தான் எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது ஜோகுபாளையத்தில், ஒரு மாடி வீட்டில். இரண்டு பேருக்குமே கம்ப்யூட்டர் வேலை. வாணியம்பாடிப் பக்கத்திலிருந்து வேலைக்கென்று வந்து இங்கேயே நின்றுவிட்டவர்கள். மகன் கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறான். அப்பா போனபிறகு அம்மாவைக் கூட்டிவந்து என்னோடு வைத்துக்கொண்டேன். வீட்டுக்காரருக்கு வீட்டிலிருந்தே வேலை. எனக்கும் அப்படித்தான் இருந்தது, எல்லாரும் நேரில் வந்தே ஆகவேண்டும் என்று ஆபீஸில் கழுத்தைப் பிடிக்கிறவரைக்கும். நான் போனால் பகலெல்லாம் வீட்டில் அம்மாவும் அவரும் மட்டும்தான். அம்மாவை அவரை நம்பி விட்டுவிட்டுப் போகலாமா, கூடாதா? எனக்குத் தெரியவேண்டியது அது ஒன்றுதான். மூளையில் எந்த இடத்தில் ஞானம் எரிகிறது என்று யாராவது எப்படியாவது கண்டுபிடித்துக்கொள்ளட்டும், எனக்கென்ன வந்தது?

அவர் தியானத்துக்குப் போனதைப் பற்றி நான் குறை சொல்ல மாட்டேன். வேலையில் அவரை அந்த அளவுக்குப் பிழிந்திருந்தார்கள். நெஞ்சு படபடக்கிறது என்பார், தூங்க மாட்டார், டீக் கடையில் நின்றுகொண்டே போனில் கத்துவார். கூட வேலை பார்க்கிறவர் ஒருத்தர் ஊருக்கு வெளியே இருக்கிற ஒரு தியான மையத்துக்குக் கூட்டிப்போனார். படபடப்பு போயிற்று. மனுஷன் சிரித்தார். நான் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றாத குறைதான், அவ்வளவு சந்தோஷப்பட்டேன்.

அப்புறம்தான் வீடு மாறியது. முதலில் மீன் நின்றது. அம்மாவுக்கு மீன் குழம்பு என்றால் உயிர். வாரம் தவறாமல் சிவாஜிநகர் போய் வாங்கிவந்துகொண்டிருந்தவள், அந்த வாசனை அவருக்கு ஆகவில்லை என்று விட்டுவிட்டேன். அடுத்தது டிவி. அப்புறம் குக்கர். அவர் உள் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது குக்கர் விசில் வந்தால் உள்ளேயிருந்து ஒரு கனைப்பு வரும். "க்கும்." அவ்வளவுதான். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். அந்த ஒரு 'க்கும்' கேட்டால் போதும், நானும் அம்மாவும் கையில் எடுத்ததை அப்படியே பிடித்துக்கொண்டு நிற்போம். நான் ஓடிப்போய் அடுப்பை அணைப்பேன். பாதி வெந்த பருப்பைத் தின்று ஞானம் வளர்த்தோம்.

அம்மாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் இது புரியாது. என் அம்மா மாப்பிள்ளையிடம் நேராகப் பேச மாட்டாள். எங்கள் பக்கத்தில் அந்த வயசுக்காரர்களுக்கு அது பழக்கம். மாப்பிள்ளை கூடத்துக்கு வந்தால் சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டு எழுந்துவிடுவாள், முட்டிவலியோடு. ஏதாவது சொல்லவேண்டும் என்றால் என் மூலமாகத்தான். நான் இல்லாத நேரத்தில் சுவரைப் பார்த்து, "கேஸ் தீர்ந்துபோச்சு போல இருக்கே" என்பாள். அவர் காதில் விழுந்தால் விழட்டும். பேர் சொல்லிக் கூப்பிடுவதெல்லாம் கனவிலும் கிடையாது. 'மாப்ளே' என்று குரல் கொடுத்துக்கூட நான் கேட்டதில்லை. அதிலும் பெண் வீட்டில் வந்து உட்கார்ந்து சாப்பிடுகிறோமே என்கிற கூச்சம் வேறு. "இது உன் வீடும்மா" என்று எத்தனையோ தடவை கத்தியிருக்கிறேன். "சரிடி, ஏன் கத்தறே, மாப்ளை உள்ள இருக்காரு" என்பாள். என்ன செய்ய?

அன்றைக்கு நான் அம்மாவுக்கு உள்பாவாடைத் துணி எடுக்க சிவாஜிநகர் போயிருந்தேன். லீவு நாள். கடையில் கூட்டம், திரும்பி வரும்போது ஹலசூருப் பக்கம் பஸ் நகரவே இல்லை. வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தால் அப்படி ஒரு நிசப்தம். உள் அறைக் கதவு சாத்தியிருந்தது. அம்மாவைக் காணோம். குளியலறைக் கதவைத் தள்ளினேன். நல்லவேளை, தாழ்ப்பாள் போடவில்லை. அம்மா ஈரத்தரையில் ஒருக்களித்துக் கிடந்தாள். சேலை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. உதடு நீலம் பாரித்திருந்தது. ஊரிலிருந்து கொண்டுவந்த பித்தளைச் சொம்பைக் கையில் இறுக்கிப் பிடித்திருந்தாள். பிளாஸ்டிக் மக்கில் தண்ணீர் ஊற்றினால் குளித்த மாதிரியே இல்லை என்று அதைத்தான் வைத்திருப்பாள். அதன் விளிம்பு நசுங்கியிருந்தது. பக்கத்தில் தரை டைலில் சில்லு பெயர்ந்திருந்தது.

"என்னம்மா, கூப்பிடக் கூடாதா?" என்று அலறினேன்.

"மாப்ளை தியானத்துல இருக்காரு" என்றாள் அம்மா. "சொம்பால தட்டிப் பாத்தேன். நீ வந்துடுவேன்னு இருந்துட்டேன்."

நான் போட்ட சத்தத்தில் அவர் எழுந்து வந்தார். முகத்தில் ஒரு ஒளி. இப்போது நினைத்தாலும் எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வருகிறது. தூக்கத்திலிருந்து எழுந்த குழந்தை மாதிரி ஒரு முகம். அம்மாவைப் பார்த்ததும் பதறத்தான் செய்தார், இல்லையென்று சொல்லவில்லை. அவரும் நானுமாகத் தூக்கினோம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். இடுப்பெலும்பு முறிவு, ஆபரேஷன், அப்புறம் வாக்கர். வயல் வரப்பில் விறுவிறுவென்று நடந்த அம்மா இன்றைக்கு நாலு கால் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூடத்தைத் தாண்டப் பெரும்பாடு படுகிறாள்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் நான் அவரைக் கேட்டேன். "உங்களுக்குக் கேக்கலையா?"

"சத்தியமாக் கேக்கலைம்மா. அன்னிக்கு வேற ஒரு நிலை. எப்பவும் மாதிரி இல்லை. வெளியில இருந்து ஒண்ணுமே வரலை. கேட்டிருந்தா எழுந்து வராம இருப்பேனா?"

நம்பினேன். நம்பாமல் எப்படிக் குடும்பம் நடத்துவது? மனுஷன் செவிடாகிப்போன மாதிரி உட்கார்ந்திருந்தார், அவர்மேல் என்ன தப்பு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கோபத்தையெல்லாம் குளியலறை டைல் மேலும் வீட்டுச் சொந்தக்காரர் மேலும் காட்டினேன்.

அதற்குப் பிறகு மையத்தில் அவருக்கு மரியாதை எங்கேயோ ஏறிப்போய்விட்டது. அவருக்கு 'விழிப்பு' வந்துவிட்டதாம், அதாவது ஞானம். ஒரு தடவை என்னையும் கூட்டிப்போனார். அங்கே இருந்த ஒரு பெரியவர் எல்லாரையும் வைத்துக்கொண்டு, வீட்டில் எவ்வளவு பெரிய விபத்து நடந்தபோதும் இவர் நிலை குலையவில்லை பாருங்கள் என்றார். எல்லாரும் என்னைப் பார்த்துக் கைகூப்பினார்கள். அடப்பாவிகளா! விழுந்தது என் அம்மா. அவள் இடுப்பு உடைந்தது உங்களுக்கு உபதேசக் கதையா? எழுந்து இரண்டு வார்த்தை நன்றாகக் கேட்டிருப்பேன். அவர் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். அதனால் சும்மா இருந்தேன்.

இந்த நேரத்தில்தான் ஆபீஸ் உத்தரவு வந்தது. அவர் அலட்டிக்கொள்ளவே இல்லை. "நீ போ. அத்தையை நான் பாத்துக்கறேன். இனிமே கதவைத் திறந்து வெச்சுட்டு உக்காருறேன், போதுமா?" என்றார். போதும் என்றுதான் எனக்கும் தோன்றியது. அன்றைக்குக் கேட்கவில்லை, கதவு திறந்திருந்தால் கேட்கும். கணக்கு சரியாகத்தான் இருந்தது.

அதே சமயத்தில் ஆராய்ச்சிக்காரர்கள் அந்த மையத்துக்கு ஆள் தேடி வந்திருந்தார்கள். அங்கே இருந்தவர்கள் முதலில் இவரைத்தான் காட்டினார்கள். பெண்டாட்டியும் வரவேண்டும் என்றதும் அவர் கெஞ்சாத குறையாகக் கேட்டார். சரி, போய்த் தொலைவோம் என்று போனேன். அம்மாவுக்குத் துணையாகக் கீழ் வீட்டு அக்காவை வைத்துவிட்டுத்தான்.

ஆராய்ச்சி செய்த பெண் மைசூர்ப் பக்கம். சின்ன வயசு, நல்ல பெண். கன்னடமும் தமிழும் இங்கிலீஷுமாகக் கலந்து பேசினாள். அவள்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. தலைக்கு எண்ணெய் வைக்காமல் வரச் சொல்லியிருந்தாள். தொப்பியில் இருக்கிற ஒவ்வொரு ஓட்டையிலும் பிசுபிசுவென்று எதையோ ஊற்றி ஒயரைப் பொருத்தினாள். நெஞ்சிலும் காலிலும்கூட ஒட்டினாள். அவரிடம், "உங்களுக்கு அந்த விழிப்பு எப்போ வந்தது சார்?" என்று கேட்டாள். "போன வருஷம் ஒரு லீவு நாள்" என்றார் அவர். பிறகு என்னைப் பார்க்காமல், "அத்தைக்கு அடிபட்ட அன்னிக்கு" என்று சேர்த்துக்கொண்டார். எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் விட்டுவிட்டேன்.

தனித்தனியாகத்தான் உட்கார வைத்தார்கள். செய்யவேண்டியது ஒன்றும் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு அசையாமல் உட்கார வேண்டும். காதில் மாட்டியதில் ஒரு சத்தம் வரும், கண்டுகொள்ளாமல் இருக்கவேண்டும். அவ்வளவுதான் சோதனை. நானும் கண்ணை மூடினேன்.

டொக்.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. மறுபடி, டொக். மறுபடி ஒன்றுமில்லை. டொக்.

எனக்கு வியர்த்துவிட்டது. எழுந்து ஓடவேண்டும்போல இருந்தது. தொப்பியைப் பிய்த்துப் போட்டுவிடக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முடிந்து வெளியே வந்ததும் அவர் கேட்டார், "எப்படி இருந்துச்சு? எனக்கு ரொம்ப சுகமா இருந்துச்சு." நான் கழிவறைக்குப் போய்த் தலையைக் கழுவினேன்.

அடுத்த தடவை கூப்பிட்டு இரண்டு பேருடைய மூளை அலைக் கோடுகளையும் கம்ப்யூட்டரில் காட்டினாள் அந்தப் பெண். அவர்தான் பார்க்கவேண்டும் என்று ஆசைப்பட்டுக் கேட்டிருந்தார். பள்ளிக்கூடப் பிள்ளை மார்க் ஷீட்டுக்கு நிற்கிற மாதிரி நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார்.

"சாதாரணமா என்ன ஆகும்னா மேடம், முதல்ல கொஞ்சம் தடவை அந்த டொக் கேட்கும்போது மூளையில அலை நல்லா எழும்பும். அப்புறம் பழகிடும். ஃபேன் சத்தம் நமக்குப் பழகிடற மாதிரி, அலை சின்னதாயிடும். சார் மூளையைப் பாருங்க. கடைசி டொக்குக்கும் முதல் டொக் மாதிரியே எழும்புது. ஒவ்வொரு தடவையும் புதுசாக் கேக்கறார். ஒண்ணைக்கூட விடலை." அந்தப் பெண்ணுக்கு உற்சாகம் தாங்கவில்லை. "ஆனா கேட்டதுக்கப்புறம் பாருங்க. நெஞ்சுத் துடிப்பு அப்படியே இருக்கு. ஒரு விரல் அசையலை. எல்லாம் கேக்குது, எதுவும் அவரைத் தொடலை. எவ்வளவு அழகா இருக்கு!"

"தியானத்துல ரொம்ப ஆழமாப் போனா காது கேக்காமப் போயிடும்னு சொல்வாங்களே?"

"அப்படியும் சொல்றவங்க இருக்காங்க மேடம். ஆனா இவருக்கு அப்படி இல்லை. அமைதி ஆக ஆக இன்னும் தெளிவாத்தான் கேக்குது."

ஆராய்ச்சிக்கூடத்தில் வரைந்த கோடு, போன வருஷம் எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்லிவிடாது என்று எனக்கும் தெரியும். நானும் கொஞ்சம் படித்தவள்தான். அதனால் கோட்டைப் பார்க்கவில்லை, அவர் முகத்தைப் பார்த்தேன். காது மடல் சிவந்துபோய், மேஜைமேல் இருந்த பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்க பதிவைத்தான் எடுத்துக்க முடியலை மேடம், சாரி" என்றாள் அந்தப் பெண். "உங்களுக்கும் ஒவ்வொரு தடவையும் கேட்டிருக்கு. பழகவே இல்லை. ஆனா ஒவ்வொரு டொக்குக்கும் நெஞ்சு எகிறுது, காலெல்லாம் அசையுது. எழுந்திருக்கப் பாத்திருக்கீங்க. அசைவு இருந்தா கணக்குல சேர்க்க மாட்டோம். ஏன் மேடம், பயந்துட்டீங்களா?"

"எங்கம்மா பாத்ரூம்ல விழுந்து கிடந்தப்போ சொம்பால இப்படித்தான் தட்டினாங்க" என்றேன். "இவர் அடுத்த ரூம்லதான் இருந்தாரு."

அவள் அவரைப் பார்த்தாள். பிறகு திரையை அணைத்தாள்.

ஆட்டோவில் நான் ஒன்றும் கேட்கவில்லை. பழைய மெட்ராஸ் ரோட்டில் வழக்கம்போல வண்டிகள் நின்றன. அவரே வாயைத் திறந்தார்.

"கேட்டுது" என்றார்.

நான் திரும்பிப் பார்த்தேன்.

"அத்தனை வருஷம் உக்காந்து அன்னிக்குத்தான் முதல்முதலா அது வந்துது. எழுந்தா போயிடும்னு தோணுச்சு. இன்னும் கொஞ்ச நேரம், இன்னும் கொஞ்ச நேரம்னு... அத்தை கூப்பிடவும் இல்லையே. கூப்பிட்டிருந்தா போயிருப்பேன்."

"அவங்க உங்களை என்னிக்குங்க கூப்பிட்டிருக்காங்க?" என்று கத்தினேன். ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்தார். பார்க்கட்டும். "உங்களைக் கூப்பிடறதுக்குப் பதிலா செத்தே போவாங்கன்னு உங்களுக்குத் தெரியாதா? அந்த ஈரத்துல எங்கம்மா கெடந்து தட்டறது ஒவ்வொண்ணும் கேட்டிருக்கு. கேட்டுக்கிட்டே விழிப்பு வாங்கியிருக்கீங்க. தூ! சத்தியம் பண்ணீங்களே, ஆஸ்பத்திரி வராந்தாவுல!"

"தப்புதான்" என்றார். ரொம்ப அமைதியாகச் சொன்னார். அந்த அமைதிக்கே ஓங்கி ஒரு அறை விடலாம்போல இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் செய்த முதல் காரியம், விவேக் நகரில் எனக்குத் தெரிந்த ஒரு பெண்மணிக்குப் போன் போட்டேன். முடியாதவர்களைப் பகலில் பார்த்துக்கொள்கிறவர் அவர். திங்கட்கிழமையிலிருந்து வரச் சொன்னேன். வீட்டுக்காரர் பக்கத்தில் நிற்கும்போதே பேசினேன். "வீட்ல ஆளு யாருமில்லைங்க" என்று சொன்னேன். கேட்டுக்கொண்டுதான் நின்றார்.

அம்மா கட்டிலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "மாப்ளைக்கு மூளையெல்லாம் நல்லா இருக்காமா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"பிரமாதமா இருக்காம். எல்லாம் கேக்குதாம். அன்னிக்கு நீ தட்டினதும் கேட்டுதாம்."

அம்மா கையிலிருந்த கீரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "தெரியும்டி" என்றாள்.

"என்ன தெரியும்?"

"நான் தட்டிக்கிட்டே இருந்தேனா... நடுவுல கனைச்சாரு. தொந்தரவா இருக்கு போலன்னு நிறுத்திட்டேன். அதை இப்பப் போய்க் கேக்காதே, பாவம், நல்ல மனுஷன்."

எனக்கு அழுகைதான் வந்தது. ஆத்திரத்தில் வருகிற அழுகை. நிறுத்திவிட்டாளாம். எலும்பு முறிந்து, குளிரில் விறைத்துப்போய், ஒரு கனைப்புக்காகத் தட்டுவதை நிறுத்திவிட்டு, நான் வருகிறவரை சத்தம் போடாமல் கிடந்திருக்கிறாள் என் அம்மா. இத்தனை நாள் அதையும் சொல்லாமல் இருந்திருக்கிறாள், பெண் வாழ்க்கை கெட்டுவிடக் கூடாது என்று.

மறுநாள் காலை அவர் வழக்கம்போல உள் அறைக்குப் போனார். கதவைத் திறந்துதான் வைத்திருந்தார், சொன்ன சொல் தவறாத மனுஷனாயிற்றே. நான் குளியலறையிலிருந்து அந்த நசுங்கின சொம்பை எடுத்துக்கொண்டு வந்தேன். அவர் அறை வாசலில் சப்பணம் போட்டு உட்கார்ந்து தரையில் தட்டினேன். டொக். கொஞ்ச நேரம் விட்டு, டொக்.

"ஐயோ, என்னடி பண்றே, மாப்ளை இருக்காருடி" என்று அம்மா கட்டிலிலிருந்து கையை ஆட்டினாள்.

உள்ளே அவர் கனைத்தார். நான் நிறுத்தவில்லை.